கண்டுகொள்ளாத காயம்



பால் வெட்டும்போது கத்தி விரலில் பட்டால் உடனே கட்டுப் போட ஓடுகிறோம். செம்பனை முள் குத்தினால் சீழ் வைப்பதற்குள் கிளினிக்குக்குப் போகிறோம். ஆனால், "இந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கிறதே யாருக்கும் தெரியல" என்று ஒரு பாட்டி சொன்னால், "வயசானா அப்படித்தான், சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிறர் நம்மைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் ஒரு காயந்தான். அதற்கும் வைத்தியம் உண்டு. இந்த முறை அதைப் பற்றிப் பேசுவோம்.

இது வெறும் மனப்பிரமையா?

அடிக்கவில்லை, திட்டவில்லை, அப்புறம் என்ன வலி என்று பலர் கேட்கிறார்கள். 2003ஆம் ஆண்டில் நயோமி ஐசன்பெர்கர், கிப்ளிங் வில்லியம்ஸ் முதலிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கணினித் திரையில் மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றி வீசும் ஒரு விளையாட்டு. சோதனைக்கு வந்தவர் அந்த மூவரில் ஒருவர். கொஞ்ச நேரம் அவருக்கும் பந்து வரும். பிறகு மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே வீசிக்கொள்வார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்த நேரத்தில் மூளையைப் படம் எடுத்துப் பார்த்ததில், உடம்பு வலியின் வேதனையோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது தெரிந்தது.

முன்பின் தெரியாத ஒருவர் பந்து வீசாததற்கே மனசு இப்படித் துடிக்கிறது. பெற்ற பிள்ளை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் எப்படியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

என்னென்ன பறிபோகிறது?

ஒதுக்கப்பட்ட மனிதனிடம் நான்கு விஷயங்கள் ஆட்டங்காண்கின்றன என்கிறார் வில்லியம்ஸ். நானும் இவர்களில் ஒருவன் என்ற உறவு, எனக்கும் மதிப்பு உண்டு என்ற எண்ணம், என் காரியம் என் கையில் என்ற பிடிப்பு, நான் வாழ்வதில் ஓர் அர்த்தம் உண்டு என்ற நம்பிக்கை. சண்டை போடுகிறவன்கூட எதிரில் ஓர் ஆள் நிற்பதை ஒப்புக்கொள்கிறான். கண்டுகொள்ளாதவனோ அந்த ஆளையே இல்லையென்று ஆக்கிவிடுகிறான். அதனால்தான், "நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல" என்று சிலர் சொல்கிறார்கள்.

இது நீடித்தால் உடம்பையும் பிடிக்கும். தூக்கம் கெடும், பசி போகும். "எனக்கென்ன, இருந்தா என்ன போனா என்ன" என்று இனிப்புநீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுத்த மருந்தை நிறுத்திவிடுவார்கள். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியுள்ளது. மாரடைப்பு, பக்கவாதம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றும் அது எச்சரிக்கிறது.

நம் ஆட்களிடையே

தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் விடியற்காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள். அது கணக்குக்காகக் கூப்பிட்ட பெயர்தான். இருந்தாலும் ஆள் வரவில்லையென்றால், "என்னாச்சு, காய்ச்சலா?" என்று பக்கத்து நிரைக்காரர் கேட்பார். பல தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் உடைபட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போனபின், அந்தப் பெரியவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கியிருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். சில பெரியவர்கள் பேச்சில் கலக்காமல் ஒதுங்கியிருப்பதற்குக் காது மந்தமும் காரணமாக இருக்கும். அவருக்குக் கேட்கவில்லை. நமக்கோ திரும்பத் திரும்பச் சொல்ல அலுப்பு. இரண்டும் சேர்ந்து அவரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடும். அரசாங்கக் கிளினிக்கில் காதைக் காட்டுங்கள். எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். வேலையிடத்தில் ஒருவரோடு கருத்து வேறுபாடு வந்தால், "இவன்கூட யாரும் பேசாதீங்க" என்று முடிவு கட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கூட்டத்தில் அவரோடு வாதாடுங்கள். தப்பு என்றால் தப்பு என்று சொல்லுங்கள். ஆனால் பேசாமல் ஒதுக்கி வைப்பது, அடி தெரியாமல் அடிப்பதற்குச் சமம். ஒற்றுமைக்காக ஏற்பட்ட சங்கத்தில் அதற்கு இடமில்லை. வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம் பக்கத்தில் குலை அறுக்கிறவரும் தொழிலாளிதான். அவர் பெயர் என்னவென்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

என்ன செய்யலாம்?

வலி உங்களுடையது என்றால், "என்கிட்ட ஏதோ குறை" என்று முதலில் முடிவு கட்டாதீர்கள். எதிராளிக்கு என்ன கவலையோ, அலுப்போ, யார் கண்டது? நம்பிக்கையான ஒருவரிடம், "நீங்க பேசாம போனது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று நேராகச் சொல்லுங்கள். கோயில் வேலை, சங்கக் கூட்டம், காலை நடை என்று வாரத்தில் ஒரு நாளாவது நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். துக்கத்தை மறக்க சம்சுவைத் தேடாதீர்கள். அது கல்லீரலையும் கெடுக்கும், மிச்சமிருக்கும் உறவையும் அறுக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணிலும், சுகாதார அமைச்சின் ஹீல் சேவையை 15555 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023ஆம் ஆண்டில் மலேசியாவில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, போலீசுக்குப் பயந்து யாரும் மறைக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் இருப்பவர் ஒதுங்கிப் போகிறார் என்று தெரிந்தால், பெரிய ஆறுதல் எதையும் தேட வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "பசியாறிட்டீங்களா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நின்று கேளுங்கள். காசு செலவில்லாத மருந்து இது. இன்றைக்கே ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள்!