இரட்டையர் அதிகம் பிறக்கும் மண்

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியாவை ஒட்டிக் கிடக்கும் சிறிய நாடு பெனின். அங்கே ஆயிரம் பிரசவங்களில் ஏறக்குறைய 28 இரட்டைப் பிரசவங்கள். தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இது 9-ஐக்கூட எட்டுவதில்லை. பல வளரும் நாடுகளை ஆராய்ந்து ஸ்மிட்ஸ், மோண்டன் என்ற இரு அறிஞர்கள் 2011-இல் வெளியிட்ட கணக்கு இது.

பிறப்புப் பதிவேடு சரிவர இல்லாத நாடுகளில் எப்படி எண்ணினார்கள்? வீடு வீடாக நடக்கும் சுகாதாரக் கணக்கெடுப்பில், ஒவ்வொரு தாயிடமும் அவர் பெற்ற பிள்ளைகளை வரிசையாகக் கேட்பார்கள். இறந்துபோன பிள்ளையையும் விடமாட்டார்கள். அந்தத் தாய்மார்கள் சொன்ன பதில்கள்தாம் இந்த எண்கள்.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உருவாகும் ஒரே சாயல் இரட்டையர் எல்லா நாட்டிலும் ஆயிரத்துக்கு நான்கு பிரசவம் என்ற அளவில்தான். ஒரே சுழற்சியில் இரண்டு சினைமுட்டைகள் வெளிப்பட்டு, தனித்தனியே கருவாகிப் பிறப்பவர்கள் இன்னொரு வகை. நாட்டுக்கு நாடு ஏறி இறங்குவது இவர்கள் எண்ணிக்கையே. சினைமுட்டையை முதிரச் செய்யும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்தால் இரண்டு முட்டைகள் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. தாய்க்கு முப்பது வயது கடக்கும்போதும், பல பிள்ளைகள் பெற்றபின்னும் இது நிகழ்வது அதிகம். மரபணுவுக்கும் பங்குண்டு. ஆனாலும் பெனினின் உயர்ந்த விகிதத்தை முழுதாக விளக்கும் ஒற்றைக் காரணம் இதுவரை பிடிபடவில்லை. இரட்டையருக்குப் பெயர்பெற்ற, தென்மேற்கு நைஜீரியாவின் இக்போ ஓரா ஊர்க்காரர்கள் தாங்கள் உண்ணும் பெருவள்ளி வகைக் கிழங்கையும் வெண்டை இலைக் குழம்பையும் காரணமாகச் சொல்கிறார்கள். அதற்கு அறிவியல் சான்று இல்லை.

அந்த ஊர் யோருபா மக்களுடையது. அவர்களிடம் முதலில் பிறக்கும் இரட்டைக்கு டாய்வோ, அடுத்ததற்கு கெஹிண்டே என்று பெயர். ஆனால் மூத்தவர் கெஹிண்டேதான். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர டாய்வோவை முன்னே அனுப்பினாராம்! இரட்டையரில் ஒருவர் இறந்தால் 'எரே இபெஜி' என்ற சிறு மரப்பாவை செதுக்கி, உயிருள்ள பிள்ளைபோலவே குளிப்பாட்டி உணவு படைத்துப் பேணும் வழக்கம் இருந்தது. எத்தனை பாவைகள் செதுக்கப்பட்டனவோ, அத்தனை பிள்ளைகள் இறந்தார்கள் என்றுதான் பொருள்.

குறைப்பிரசவமும் எடைக்குறைவும் இரட்டையரை இன்றும் விடவில்லை. சஹாராவுக்குத் தெற்கே பிறக்கும் இரட்டைக் குழந்தைகளில் ஐந்தில் ஒன்று ஐந்து வயதுக்குள் இறந்துவிடுவதாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. வயிற்றில் இருப்பது இரண்டு என்று முன்கூட்டியே ஸ்கேனில் தெரிந்து, பிரசவம் மருத்துவமனையில் நடந்தால் இதில் பல உயிர்களைக் காக்கலாம். உலகிலேயே இரட்டையர் மிகுதியாகப் பிறக்கும் நாடுகளுக்குத்தான் இந்த வசதி முதலில் போய்ச்சேர வேண்டும்.