திண்ணை விளக்கும் தீய்ந்த சில்லும்

குமாரலிங்கபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாட்டிய 9 வாட் எல்.இ.டி. பல்பு பதினொரு மாதங்களில் அணைந்துவிட்டது. அட்டைப்பெட்டியிலோ 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தார்கள். நாளொன்றுக்கு 6 மணி நேரம் எரித்தால், அது 11 ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்க வேண்டும்.

பல்பைக் கழற்றி மூடியைத் திறந்து பார்த்தேன். தொடராக இணைக்கப்பட்ட மஞ்சள் சில்லுகளில் ஒன்றின் நடுவே மட்டும் கரும்புள்ளி. தொடரிணைப்பில் ஒன்று அறுந்தால், மற்றவை நலமாக இருந்தும் ஒளிராது.

மலிவான பல்புகளில் இந்தக் கரும்புள்ளிக்குப் பெரும்பாலும் காரணம் சிக்கனம்தான். சில்லுகளைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் கூடுதல் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதே வெளிச்சத்தை வரவழைக்கிறார்கள். மின்னோட்டத்தை இரு மடங்காக்கினால் ஒளி இரு மடங்காவதில்லை. ஒளியாக மாறாதது வெப்பமாகிறது. அவ்வெப்பம் சில்லையும், அதன்மேல் பூசிய பாஸ்பரையும், மின்சுற்றிலுள்ள மின்தேக்கியையும் சேர்த்தே வாட்டுகிறது. அணையாத பல்புகூட மெல்ல மங்கும். தொடக்க ஒளியில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலே அதன் ஆயுள் முடிந்ததாகத்தான் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். சித்திரை மாதத்தில் இரவிலும் சுவர் தணியாத எங்கள் பக்கத்தில், காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

2016-இல் பிலிப்ஸ் நிறுவனம் துபாய்க்கென அறிமுகப்படுத்திய பல்பு இதற்கு நேர்மாறானது. இழைகள் அதிகம், ஒவ்வொன்றிலும் மின்னோட்டம் குறைவு. வாட்டுக்கு 200 லூமென். நம் கடைகளின் சாதாரணப் பல்புகள் 100 லூமெனை ஒட்டியே நிற்கின்றன. சில்லுக்கு எவ்வளவு மின்னோட்டம் என்பதையும் பெட்டியில் அச்சிடச் சொன்னால் என்ன?

பல்பை மாற்றித் தரும்படி கடைக்குப் போனேன். ரசீது கேட்டார்கள். எங்கள் ஊரில் பல்புக்கு யார் ரசீது வாங்குகிறார்கள்?