டேப் வாங்கப் போகிறீர்களா? ‘கடை’யைப் பாருங்கள்!

ஊரில் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார். அதே மனிதர் சிகந்தராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டருக்குப் பிள்ளைக்காகச் சிறிய டேப் வாங்கப் போனால் இரண்டைத்தான் கேட்கிறார்: எத்தனை அங்குலம், எத்தனை ரூபாய்? மூன்றாவதாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அதுதான் செயலிக் கடை.

டேப் வெறும் பலகை. பாடம், வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், தமிழ்ப் பத்திரிகை எல்லாம் செயலிகளாக அதற்குள் வந்து சேர வேண்டும். முன்பெல்லாம் ரேஷன் கார்டு எந்தக் கடையில் பதிவோ அங்கேதான் அரிசி, சீனி கிடைக்கும். இங்கும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். ஆண்ட்ராய்டு டேப்புக்குக் கூகுளின் பிளே ஸ்டோர். ஐபேடுக்கு ஆப்பிளின் ஆப் ஸ்டோர். ஒன்றில் காசு கொடுத்து வாங்கிய செயலி மற்றதில் செல்லாது.

ஹைதராபாத் கண்ட ‘ஆகாஷ்’

உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டாம். 2011 அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில் மத்திய அரசு வெளியிட்ட ‘ஆகாஷ்’ டேப், டேட்டாவிண்ட் நிறுவனத்துக்காக ஹைதராபாத்தில்தான் பூட்டித் தயாரானது. 7 அங்குலத் திரை. அரசு கொடுத்த விலை 2,300 ரூபாய்க்கும் குறைவு. ஏழை மாணவன் கைக்கும் கணினி எட்டும் என்று நாடே பேசியது. ஆனால் திரையை அழுத்தித் தொட வேண்டியிருந்தது, வேகமும் போதவில்லை. ஆண்ட்ராய்டு என்றாலும் கூகுளின் கடை அதில் இல்லை. ‘கெட்ஜார்’ என்ற வேறு கடைதான் இருந்தது. 2012 நவம்பரில் வந்த ஆகாஷ்-2 திரையையும் வேகத்தையும் திருத்திக்கொண்டது.

விலை அதிகமானால் போதுமா?

அதே 2011-இல் வந்த பிளாக்பெர்ரி பிளேபுக்கும் 7 அங்குலம்தான். உறுதியான சாமான். ஆனால் அதன் கடையில் செயலிகள் குறைவு. ஆண்டு முடிவதற்குள் இந்தியாவில் விலையை ஏறக்குறையப் பாதியாக இறக்கினார்கள். 2019 இறுதியில் அந்தக் கடையே மூடப்பட்டது.

பெரிய கடை இருந்தாலும் பலகைக்கு வயது உண்டு. 2012-இல் வந்த முதல் ஐபேட் மினிக்கு, 2016-இல் வெளியான ஐ.ஓ.எஸ். 10 கிடைக்கவில்லை. அதே ஆண்டின் நெக்ஸஸ் 7, ஆண்ட்ராய்டு 5.1-க்கு மேல் அதிகாரபூர்வமாக ஏறவில்லை. பழைய டேப் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். பலகை பளபளவென்று இருக்கும். புதிய செயலி இறங்காது.

கேட்க வேண்டியவை

பணம் எண்ணிக் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் போதும். எந்தச் செயலிக் கடை? எந்த ஆண்டு மாடல்? இன்னும் எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிப்பு வரும்?

வாய்ப்பேச்சை நம்பாமல், வீட்டுக்கு வேண்டிய செயலி ஒன்றை அங்கேயே இறக்கிக் காட்டச் சொல்லலாம். ரயில்வே 2025-இல் வெளியிட்ட ‘ரயில்ஒன்’ செயலி கூகுள், ஆப்பிள் இரண்டு கடைகளிலும் உண்டு. பிள்ளையின் பள்ளி எந்தச் செயலியைக் கேட்கிறது என்பதையும் முதலிலேயே விசாரித்து, சீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. மிச்சம் பிடித்துச் சேர்த்த சம்பளப் பணம் அல்லவா!