வண்டி நின்ற இடம்

சென்ற மாதம் உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஆற்றுப்படை நூல்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படையாய் அமைந்தமையையும், பரிசில் பெற்று மீள்வோன் வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்கு வழி கூறுதலே அவற்றின் பொருள் என்பதையும் விளக்கி முடித்தேன். அவ்வளவில் பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மோட்டார் சைக்கிளிலே நாடு நாடாகப் போனவை எழுதின புத்தகங்கள் இருக்காம், படங்களும் வந்திருக்காம். அதுகளும் இலக்கியந்தானோ?" என்றான்.

வகுப்பு நகைத்தது. எனக்கு நகை வரவில்லை. என் மேசை இழுப்பறையில், இன்று என்னிடம் இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளின் திறப்பு கிடக்கின்றது. "அடுத்த கிழமை விடை சொல்கிறேன்" என்று கூறி வகுப்பை முடித்தேன். அக்கிழமை முழுவதும் அவன் வினாவையே ஆராய்ந்தேன்.

முதலில் திரைப்படங்களைக் கருதுவோம். 1953 இல் மார்லன் பிராண்டோ நடித்து வந்த 'த வைல்ட் ஒன்', தோற்சட்டை அணிந்த இளைஞர் கூட்டமொன்று வண்டிகளோடு ஒரு சிற்றூரிற் புகுந்து அமைதியைக் குலைப்பதைக் காட்டியது. 1969 இல் வந்த 'ஈசி ரைடர்' படத்திலோ, விடுதலையை நாடிப் புறப்பட்ட இருவர் ஈற்றில் வீதியிலேயே சுடப்பட்டு மடிகின்றனர். இவற்றுள் வண்டி என்பது ஊரை உதறிச் செல்லும் துணிவின் அடையாளம். தமிழ்த் திரை வேறு வழியிற் சென்றது. 2007 இல் வெற்றிமாறன் இயக்கிய 'பொல்லாதவன்' படத்தில், கீழ் நடுத்தரக் குடும்பத்து இளைஞனுக்குப் பல்சர் வண்டியே பிழைப்பும் மதிப்புமாகின்றது. அது களவு போனபின் அவன் தேடித் திரிவதே கதை. மேனாட்டான் வீட்டை விட்டோட ஏறிய வண்டியில், நம்மவன் வீட்டைத் தாங்கவே ஏறினான் எனலாம்.

இனி, நூல்கள். 1952 சனவரியில் சே குவேரா என்னும் மருத்துவ மாணவர், தம் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவோடு ஆர்ஜென்ரீனாவிலிருந்து 500 சி.சி. நோர்ட்டன் வண்டியிற் புறப்பட்டார். அதன் பெயரோ 'வலியவள்' எனப் பொருள்படுவது. அவ்வலியவள் சிலி நாட்டைத் தாண்டவில்லை. வண்டி வீழ்ந்தபின் நடந்தும் பிறர் லொறிகளில் ஏறியும் சென்றபோதே, சுரங்கத் தொழிலாளரையும் பெரு நாட்டுத் தொழுநோயாளர் குடியிருப்பையும் அவர் நெருங்கிக் கண்டார். அப்பயணக் குறிப்பே பின்னர் நூலாகி, 2004 இல் திரைப்படமும் ஆயிற்று. அவரே 1959 ஆகத்தில் இலங்கை வந்து, ஹொரணையில் மகோகனிக் கன்றொன்று நாட்டிச் சென்றார் என்பதையும் மாணவர் அறிதல் நன்று.

1974 இல் வெளிவந்த றொபேட் பேர்சிக்கின் நூல், மகனைப் பின்னிருத்தி அமெரிக்காவின் குறுக்கே சென்ற தந்தையின் கதை. தன் வண்டியைத் தானே பொறுமையோடு பழுதுபார்ப்பவன் தன் மனத்தையும் சீர்செய்கின்றான் என்பது அதன் உட்கருத்து. இரு நூலையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். திரை வண்டியின் ஓட்டத்தைக் காட்டுகின்றது. நூலோ வண்டி நின்ற இடத்திற் பேசத் தொடங்குகின்றது.

பேர்சிக் கூறிய பொறுமையை நாங்கள் நூலிற் கற்கவில்லை. 1990 களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைத்தற்கரிதாக, மண்ணெண்ணெயிலே வண்டி ஓட்டினோம். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதிற் பற்றாது. ஆதலின், சிறு போத்தலிற் காத்துவைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரிற் பீச்சி உதைப்போம். சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய். வெண்புகை வீதியை மறைக்கும். பிளக்கைக் கழற்றிக் கரி துடைப்பது நாளாந்தக் கடமை.

2007 இன் பிற்பகுதியில் அடம்பனை விட்டு நீங்கினோம். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களைப் பின்னே விட்டு, அவ்வண்டியிலே முதல் நடை தாயாரும் மகளும், மறு நடை மனைவியும் நெல்மூடையும், மூன்றாம் நடை என் நூல்களுமாகப் பள்ளமடு சென்றோம். பின் வெள்ளாங்குளம், கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு. இடந்தோறும் சுமை குறைந்தது. 2009 ஏப்ரிலில், புதுமாத்தளன் நீரேரியைக் கடக்குமுன் வண்டியைக் கரையிற் சாய்த்தேன். மீண்டு வருவோர் செய்வதுபோலப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டேன். அதன் பக்கப்பெட்டியில் பத்துப்பாட்டு இருந்தது. தாயாரைத் தோளிற் சுமக்க வேண்டியிருந்தமையால் நூலை எடுக்கவில்லை. அவ்வாறு விடப்பட்ட வண்டிகள் ஆயிரக்கணக்கில் அம்மணலில் நெடுங்காலம் துருவேறிக் கிடந்தன.

மறுகிழமை மாணவனுக்கு விடை கூறினேன்: "கண்டதைப் பிறர்க்கு வழியாகும்படி சொன்னால் அதுவும் இலக்கியமே. பாணன் யாழொடு நடந்தான். இவர்கள் இயந்திரத்தில் ஏறினர். வேறுபாடு அவ்வளவே."

அவன் இருக்கவில்லை. "அப்ப, எங்கட ஆக்கள் போனதை ஆர் ஐயா முழுக்க எழுதினது? நீங்கள் எழுதினனீங்களோ?" என்றான்.

முப்பதாண்டுகளாகப் பிறர் சென்ற வழியையே உரை கூறி வந்திருக்கிறேன். சே குவேராவும் பேர்சிக்கும் விரும்பிப் புறப்பட்டோர். நாம் விரும்பிப் புறப்பட்டிலோம். விரும்பாத வழியைத் திரும்பச் சொல்லுதல் அரிது என்பதே என் மௌனத்துக்கு நான் கூறிவந்த சமாதானம். ஆயின், அவ்வழியை அறிந்தோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். என் தாயாரும் இன்றில்லர். அந்த மாணவனோ 2009 க்குப் பின் பிறந்தவன்.

அன்று மாலை இழுப்பறையைத் திறந்து திறப்பை மேசைமேல் வைத்தேன். ஒரு கொப்பியை எடுத்து, முதல் வரியாக வண்டியின் இலக்கத்தை எழுதினேன். அடுத்த வரி பள்ளமடு வீதி.