`சாப்ட்டியா?' - ஒரு நாளைக்கு 200 ரூபாய்... சென்னையில் வெளியே சாப்பிட்டே உடம்பைத் தேற்ற முடியுமா?

ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஊரிலிருந்து அம்மா போன் செய்வார். முதல் கேள்வி, ``சாப்ட்டியா?'' இரண்டாவது கேள்வி, ``என்ன சாப்ட்ட?''

முதல் கேள்விக்கு எப்போதும் உண்மையைத்தான் சொல்வேன். இரண்டாவது கேள்விக்கு மூன்று வருடங்களாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் எக் ஃப்ரைடு ரைஸ் பொட்டலம் இருக்கும். வாய், ``சப்பாத்தியும் குருமாவும்மா'' என்று சொல்லும்.

போன மாதம் அலுவலகத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். எனக்கு ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். ரயில்வே ஸ்டேஷன் படியேறும்போது மூச்சு வாங்குவதை, ஷிஃப்ட் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, ``மூணு வேளையும் என்ன சாப்பிடுறீங்க?'' என்று கேட்டார். அம்மாவிடம் சொன்ன பதிலை அவரிடம் சொல்ல முடியவில்லை.

இது எனக்கு மட்டும் வந்த பிரச்னை இல்லை. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை இருக்கிறது. அதாவது, எங்கள் ஹாஸ்டல் வராண்டாவில் பத்துப் பேர் நின்றால், ஐந்தாறு பேர் என்னைப்போலவே இருக்கலாம்.

எங்கள் ஹாஸ்டலில் சாப்பாடு கிடையாது. அறையில் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கவும் அனுமதி இல்லை. மூன்று வேளையும் வெளியேதான். சாப்பாட்டு ஆப்பில் `ஹெல்த்தி' என்று தேடினால் முன்னால் வந்து நிற்பதோ 280 ரூபாய் சாலட். என் சம்பளத்துக்கு அது மாதம் ஒரு தடவை ஆசைக்குச் சாப்பிடலாம்; தினமும் பசிக்குச் சாப்பிட முடியாது.

அதனால், ஒரு வாரம் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு நாளைக்கு 200 ரூபாய். எண்ணெயில் பொரித்தது வேண்டாம். தினமும் இரண்டு வேளையாவது காயோ கீரையோ வேண்டும். பயறு, முட்டை, மீன் இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதிகள்.

காலை: தள்ளுவண்டிக் கூழ்

சேப்பாக்கம் பக்கம் ஒரு கூழ் வண்டி. பெரிய மண்பானை, அதன்மேல் ஈரத்துணி. ``சொம்பா, டம்ளரா பாப்பா?'' என்றார் வண்டிக்கார அக்கா. சொம்பு என்றேன். கேழ்வரகுக் கூழ் 30 ரூபாய். கம்பங்கூழும் அதே விலைதான். தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயம், மாங்காய்த்துண்டு, மோர்மிளகாய், சுண்டவற்றல். சில வண்டிகளில் கருவாட்டுத் தொக்கும் உண்டு.

சென்னைக்காரர்களுக்கு ஆடி மாதம் என்றால் அம்மன் கோயில் கூழ் ஞாபகம் வரும். ஆனால், வருடம் முழுக்க ஆட்டோ ஓட்டுநர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் காலையில் குடித்துவிட்டுப் போவது இதைத்தான். நம்மைப்போல கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள்தான் அந்த வண்டியைக் கடந்துபோய் பூரி சாப்பிடுகிறோம்.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கம்பில், நாம் சாப்பிடும் வெள்ளை அரிசியைவிடப் பல மடங்கு இரும்புச்சத்து. மாவை இரவே கரைத்துப் புளிக்கவைப்பதால், அந்த இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதும் சுலபமாகிறது. கூடவே கடிக்கிற மாங்காயில் இருக்கும் வைட்டமின் சி-யும் அதற்குத்தான் உதவுகிறது. அந்தக் காலத்தில் யாரும் இதை லேப்பில் சோதித்துவிட்டுச் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆனால், சேர்க்கை சரியாக இருக்கிறது.

இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் தேவை. கூழில் கலக்கும் தண்ணீர் எது என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்டதற்கு அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. வண்டிக்கு அடியில் இருந்த கேனைக் காட்டினார். இன்னொன்று, மோர்மிளகாயும் வற்றலும் உப்பில் ஊறியவை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. மோர்மிளகாய் ஒன்று போதும். வெங்காயம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கூழ் பிடிக்காதவர்களுக்கு இட்லி, இடியாப்பம் இருக்கிறது. கேரள மெஸ்களில் புட்டு - கடலைக்கறி கிடைத்தால் விடாதீர்கள். எல்லாமே ஆவியில் வெந்தவை.

மதியம்: இலையில் குறைவது எது?

சென்னையில் தனியாகத் தங்கியிருப்பவர்களுக்குச் சோறு போட்டு வளர்த்தவை திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்து மெஸ்கள்தான். மேன்ஷன்வாசிகள் நிறைந்த திருவல்லிக்கேணியில் காசி விநாயகா மெஸ்ஸுக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்பதே ஓர் அனுபவம். மயிலாப்பூர் மாட வீதி பக்கம் போனால், கற்பகாம்பாள் மெஸ்ஸில் அடை - அவியல். பல பருப்புகள் சேர்ந்த அடையும், பல காய்கள் சேர்ந்த அவியலும் ஒரே தட்டில் வருவது சின்ன விஷயமில்லை.

நான் அந்த வாரம் பெரும்பாலும் போனது, அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருக்கும் பெயர்ப்பலகைகூட மங்கிப்போன ஒரு மெஸ்ஸுக்கு. சாப்பாடு 90 ரூபாய். சாம்பார், ரசம், மோர் என்று சோறு மூன்று தடவை வரும். பொரியலும் கூட்டும் ஆளுக்கு ஒரு கரண்டி.

பிரச்னை இங்கேதான். ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாள் உணவில் ஏறக்குறைய பாதித் தட்டு காய், கீரை, கிழங்கு, பழமாக இருக்க வேண்டும் என்கிறது. மெஸ் இலையில் முக்கால்வாசி சோறுதான். சமைக்கிறவரைக் குறை சொல்லவும் முடியாது. 90 ரூபாய்க்குள் வயிறு நிறைய வேண்டும் என்றால் அரிசியால்தான் நிறைக்க முடியும். காய்கறி விலை ஏறினால் முதலில் சுருங்குவது அந்தக் கரண்டிதான்.

மூன்றாவது நாள் கூச்சத்தை விட்டுவிட்டு, பரிமாறுகிற அண்ணனிடம், ``ரெண்டாவது சோறு வேணாம்ண்ணே, அதுக்குப் பதிலா கொஞ்சம் பொரியல் வைங்க'' என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கரண்டி வைத்தார். அடுத்த நாளிலிருந்து நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை, ``இன்னிக்கு முருங்கைக்கீரைம்மா'' என்று அவரே சொன்னார். இந்த வாரத்தில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரிய விஷயம் இதுதான். `ஹெல்த்தி கடை' என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. தினமும் போகும் கடையில் வாய் திறந்து கேட்டால் போதும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டேன். சாப்பிட்ட கையோடு டீ. உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும் என்றார் டாக்டர். கீரை சாப்பிட்டுவிட்டு உடனே டீ குடிப்பது, ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பிடுங்குவது மாதிரி. இப்போது ஒரு மணி நேரம் தள்ளித்தான் குடிக்கிறேன்.

மாதக்கடைசிக்கு அம்மா உணவகம்

2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கியது அம்மா உணவகம். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், இரவில் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். சுய உதவிக்குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அரசு மருத்துவமனை வளாகங்களிலும் இருப்பதால், நோயாளிகளுடன் வருபவர்களுக்கும் இதுதான் பசி தீர்க்கும் இடம்.

ஐந்து இட்லியை 5 ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு, மிச்சமிருக்கும் காசில் இரண்டு வாழைப்பழமும் ஒரு கொய்யாவும் வாங்கினேன். என் கணக்கில் அது முழுமையான காலை உணவு. ``அங்கெல்லாம் போவியா?'' என்று கேட்ட அறைத்தோழி, மாதத்தின் 28-ம் தேதி என்னோடு வரிசையில் நின்றாள்.

சாயங்காலம்: பஜ்ஜியா, சுண்டலா?

நாலரை மணிக்கு அலுவலக வாசலில் பஜ்ஜி வாசனை வரும். அதுதான் கஷ்டமான நேரம். திரும்பத் திரும்பக் கொதிக்கும் எண்ணெயில் `டோட்டல் போலார் காம்பவுண்ட்' என்ற தீய பொருள்கள் சேரும். அது 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். வாணலியைப் பார்த்து சதவிகிதம் சொல்ல நமக்குத் தெரியாது. ஆனால், எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் நகர்ந்துவிடலாம்.

அதே தெருவில் 20 ரூபாய்க்குச் சுண்டல் கிடைக்கும். மெரினாவில் தேங்காய், மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல். வேகவைத்த கடலை, சோளக்கதிர், மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டை... எல்லாமே நம்மூர் `புரோட்டீன் ஸ்நாக்ஸ்'தான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வெட்டித் திறந்து வைத்திருக்கும் பழத்துண்டுகளுக்குப் பதில், முழுப் பழமாக வாங்கிக் கழுவிச் சாப்பிடுவது நல்லது.

இரவு: தோற்ற இடம்

ஏழு நாளில் என் விதிகள் உடைந்தது இரண்டு தடவை. இரண்டுமே ராத்திரி. என் ஷிஃப்ட் முடிவது ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் எரியும் விளக்குகள் எல்லாம் ஃப்ரைடு ரைஸ், பரோட்டா கடைகளுடையவை. மெஸ் பூட்டியிருக்கும். கீரை, காய் என்ற பேச்சே கிடையாது.

ஓர் இட்லிக் கையேந்தி பவன் இருக்கிறது, தெருமுனையில். நாலு இட்லி 40 ரூபாய், சூடாக. ஆனால், பத்து ஆண்கள் சூழ்ந்து நிற்கும் வண்டியில், ஒரு பெண் தனியாகத் தட்டை ஏந்தி நின்று சாப்பிடுவது அவ்வளவு சுலபமில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லைதான். ஆனாலும் அவசர அவசரமாக விழுங்கிவிட்டு ஓடத்தான் தோன்றுகிறது. ஆப்பில் ஆர்டர் செய்து அறைக்குள் சாப்பிடுவதற்கு நாங்கள் கொடுக்கும் கூடுதல் காசில், இந்தக் கூச்சத்தின் விலையும் இருக்கிறது. `ஹெல்த்தியா சாப்பிடுங்க' என்று அறிவுரை சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஐந்தாவது நாள் ஹாஸ்டலில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்துகொண்டோம். ஒன்றாகப் போய், நிதானமாக நின்று, இன்னொரு கரண்டி சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். ராத்திரி காய்க்கு, சாயங்காலமே வாங்கிவைத்த வெள்ளரிக்காயும் கேரட்டும்தான் வழி.

கடைக்குள் நுழையும் முன்...

* கூட்டம் இருக்கும் கடையில் உணவு தேங்காது. சாப்பாட்டு நேரத்தின் தொடக்கத்தில் போனால் காயும் கிடைக்கும், சூடாகவும் இருக்கும்.

* தட்டில் பிளாஸ்டிக் தாள் விரித்துச் சூடான சாம்பாரை ஊற்றினால், வேண்டாம் என்று சொல்லுங்கள். உணவுக்கு விரிக்கும், சுற்றும் பிளாஸ்டிக் தாள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வாழை இலைத்துண்டு கேளுங்கள்.

* வடையின் எண்ணெயைச் செய்தித்தாளில் ஒற்றி எடுக்காதீர்கள். அச்சு மை உங்கள் வடைக்கு வந்துவிடும்.

* உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கடையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

* குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

ஏழு நாள் முடிவில் கணக்குப் பார்த்தேன். 1,400 ரூபாயில் 1,310 செலவாகியிருந்தது. ஆப்பில் ஆர்டர் செய்த வாரங்களில் 2,000 ரூபாய்க்குக் குறைந்ததே இல்லை. ஒரு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று கதை விட மாட்டேன். மாத்திரை தொடர்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை இருக்கிறது. உங்களுக்கும் களைப்பு, மூச்சு வாங்கல் இருந்தால், சாப்பாட்டை மாற்றுவதோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

நேற்று ராத்திரியும் ஒன்பதரைக்கு போன் வந்தது.

``சாப்ட்டியா?''

``சாப்ட்டேம்மா.''

``என்ன சாப்ட்ட?''

``நாலு இட்லி, ஒரு முட்டை, வெள்ளரிக்கா. மத்தியானம் முருங்கைக்கீரை.''

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா கேட்டார், ``நெஜமாவா?''

மூன்று வருடமும் நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.