உங்களுக்குத் தெரியுமா? ‘சூடோ’ போடாமலே தொகுப்பு நிறுவலாம்!

தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் ‘ஓப்பன்-தமிழ்’ தொகுப்பைப் பைத்தானில் நிறுவ ஒரு ‘பிப்’ கட்டளை போதும். லினக்ஸில் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால், பலரும் கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ சேர்த்துவிடுவார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சூடோ சேர்த்தால் நிறுவும் வேலை முழுக்க நிர்வாகியின் அதிகாரத்தோடு நடக்கும். மூலநிரலாக வரும் தொகுப்புகள் நிறுவும்போதே தம் நிரலை ஓட்டக்கூடியவை. 2017-இல் பைத்தானின் பொதுக் களஞ்சியத்தில், பிரபலத் தொகுப்புகளின் பெயரைச் சற்றே திரித்து வைத்திருந்த போலித் தொகுப்புகளை ஸ்லோவாக்கியாவின் தேசியப் பாதுகாப்பு ஆணையம் கண்டுபிடித்தது. அப்படிப்பட்ட ஒன்றைச் சூடோவோடு நிறுவினால், அதன் நிரலும் நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உபுண்டு லினக்ஸின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதப்பட்டவை. சூடோவோடு நிறுவும்போது அவை நம்பியிருக்கும் நூலகத்தின் பதிப்பு மாறினால் அவையும் முடங்கலாம்.

சூடோ இல்லாமல் பயனரின் சொந்த அடைவில் நிறுவும் வசதி 2008-இல் வெளியான பைத்தான் 2.6-இலேயே வந்துவிட்டது. தனிச் சூழல் அமைக்கும் ‘வென்வ்’ 2012-இல் பைத்தான் 3.3-உடன் சேர்ந்தது. 2023-இல் வெளிவந்த டெபியன் 12 லினக்ஸ் இன்னும் கறார்: தனிச் சூழலுக்கு வெளியே பிப் கொண்டு நிறுவ முயன்றால், சூடோ போட்டாலும் மறுத்துவிடும்.

செல்லிப்பட்டில் ஒரு வீட்டு மடிக்கணினியை அக்காவும் தம்பியும் தனித்தனிக் கணக்கில் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். அக்கா தன் வென்வில் போட்ட தொகுப்பு தம்பியின் பக்கம் எட்டிப் பார்க்காது. வேண்டாமென்றால் அந்தச் சூழலின் அடைவை அழித்தால் போதும். நிர்வாகியின் கடவுச்சொல் தேவையில்லை.