மேடைக் காட்சி வரைவுகள் சேகரிப்பு

மேடைக் காட்சி வரைவு என்பது நாடகம், ஓபரா ஆகியவற்றின் அரங்க அமைப்புக்காக ஓவியர் முதலில் தீட்டும் மூலப்படம். காகித வரைவு, சிறு மாதிரி, படுதா (ஓவியத் திரைச்சீலை) ஆகியவை சேகரிப்புக்கு உரியவை.

பின்னணி

ஐரோப்பாவில் காட்சியமைப்பாளர் காகிதத்தில் வரைந்து தருவார். அதைப் பட்டறையினர் பெரிதாக்குவர். மேடை கலைக்கப்பட்டாலும் காகிதம் எஞ்சும். நிகிதா லோபனோவ்-ரோஸ்தோவ்ஸ்கி 1954-ல் லண்டனில் தியாகிலெவ் பாலே கண்காட்சியைப் பார்த்த தூண்டுதலில் ரஷ்ய மேடை வரைவுகளைச் சேகரித்தார்.

தமிழ் நாடகத்தில்

சேலம், நாமக்கல், குமாரபாளையம் வட்டாரக் கூத்தில் காட்சி ஓவியம் இல்லை. இருவர் பிடிக்கும் திரையே போதும். பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து படுதாக்கள் பரவின. தர்பார், காடு, தெரு, அந்தப்புரம் எனச் சில 'சீன்'கள் பல நாடகங்களுக்கும் பொதுவாகப் பயன்பட்டன. நவாப் ராஜமாணிக்கம், ஆர். எஸ். மனோகர் ஆகியோரின் நாடகங்கள் காட்சி ஜோடனைக்காகவே பேசப்பட்டன.

கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதியவர். கம்பெனி கலைந்தபின் கோவில்பட்டியில் தங்கி, காலண்டர் ஓவியத்தில் புகழ்பெற்றார். வீடுதோறும் அச்சுப்படமாகப் போன காலண்டர்கள் இன்றும் சேகரிப்பாளரிடம் கிடைக்கின்றன. ஒரே பிரதியான படுதாக்களோ கிடைப்பது அரிது.

அழிவின் காரணங்கள்

- ஓவியர் பெரும்பாலும் துணியிலேயே நேரடியாக எழுதியதால் காகித வரைவு குறைவு.
- பசையில் குழைத்த பொடிவண்ணம் நீர் பட்டால் கரையும். சுருட்டிச் சுருட்டி உதிரும்.
- பழைய படுதாவின் மேலேயே புதிய காட்சி எழுதப்பட்டது.
- கம்பெனி நொடித்தால் படுதாக்கள் கைமாறின.

சேகரிப்பில் கவனிக்க வேண்டியவை

மூல வரைவில் பெரிதாக்குவதற்கான கட்டக்கோடுகள், அளவுகள், தச்சருக்கான குறிப்புகள், திருத்தங்கள் காணப்படலாம். அவை வேலைக்குப் பயன்பட்டதன் அடையாளம் என்பதால் அவற்றை அழித்துச் சுத்தப்படுத்தக் கூடாது. நாடகம் முடிந்தபின் ஓவியரே விற்பனைக்காக வரைந்த பிரதிகளும் உண்டு. எந்த நாடகம், எந்தக் காட்சி, எந்த ஆண்டு என்ற விவரம் இல்லாத வரைவு வெறும் படமாகிவிடும். நோட்டீஸ், மேடைப் புகைப்படம் ஆகியவற்றுடன் ஒப்பிட்டு அதை உறுதிசெய்யலாம்.

காகிதத்தை அமிலமற்ற உறையில், வெயில் படாமல் வைக்க வேண்டும். படுதாவை மடித்தால் மடிப்பில் வண்ணம் உதிரும்; அகன்ற உருளையில் தளர்வாகச் சுற்ற வேண்டும். அதைத் தொடுவதற்கு முன் முழுவதையும் பகுதி பகுதியாகப் புகைப்படம் எடுத்துவிடுவது நல்லது. துணி அழிந்தாலும் காட்சி எஞ்சும்.